ஒரு வரியில் காரணம்

மணல்விளைத்துறை மீட்பு நிலையத்தில் சேர்ந்த முதல் மூன்று மாதங்களில் மெற்றில்டாவுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்களே யாரும் இல்லை என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

நிலையம் மீன் ஏலக்கூடத்துக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு நீளமான அறை, இரண்டு நாற்காலிகள், சுவரை அடைத்த ஒரு திரை. திரையில் நானூற்று இருபது வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கடலில் மிதக்கும் ஓர் இயந்திரம். தண்ணீர்க் குடம் அளவுதான் இருக்கும். தலையில் சூரியத் தகடு, வயிற்றில் தண்ணீருக்குள் கேட்கும் காது, கழுத்தில் உடல்சூட்டைப் பார்க்கும் கண். அரசு அவற்றுக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. கூட்டமாக ஓடி, கூட்டமாகத் திரும்புவதைப் பார்த்த கரைக்காரர்கள், மத்தி மீனுக்குத் தாங்கள் வைத்திருந்த பெயரால், சாளை என்றார்கள். அந்தப் பெயர்தான் நின்றது.

மீன் சாளைக்குத் தலைவன் கிடையாது. இவற்றுக்கும் கிடையாது. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி இருக்கும் ஆறு சாளைகளை மட்டும் கவனிக்கும். அந்த ஆறும் தங்களைச் சுற்றி இருப்பவற்றைக் கவனிக்கும். இப்படியே ஒன்றை ஒன்று இழுத்து, ஒன்றுக்கு ஒன்று இணங்கி, முழுக் கூட்டமும் ஒரு திசைக்கு வந்து சேரும். அலையில் பிரிந்துபோனால் தொடர்பு அறுந்துவிடும் என்பதால் கூட்டத்தை உடைக்கவும் முடியாது. போனால் எல்லாம் ஒரே பக்கம் போக வேண்டும்.

கூட்டம் திசை மாறும்போதெல்லாம் ஒரு மனிதர் ஒப்புதல் தர வேண்டும் என்று கடல் மீட்பு வாரியம் விதி வைத்திருந்தது. ஆள் உயிர் விஷயத்தில் கடைசி வார்த்தை இயந்திரத்துடையதாக இருக்கக் கூடாது என்று நினைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒப்புதல் தருகிறவருக்குத் திரையில் தெரிந்ததெல்லாம் புள்ளிகள் மட்டுமே. அவை ஏன் அந்தப் பக்கம் திரும்புகின்றன என்று கேட்க வழியில்லை. மெற்றில்டாவுக்கு முன் அந்த நாற்காலியில் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். ஒரு முறை சாளைகள் போன வழியிலேயே திரும்ப முயன்றன. கோளாறு என்று நினைத்து நாற்பது நிமிடம் அவர் ஒப்புதல் தராமல் உட்கார்ந்திருந்தார். சாளைகள் திரும்ப நினைத்த இடத்தில்தான் இரண்டு பேர் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஒப்புதல் கிடைத்து அவை போய்ச் சேர்ந்தபோது வள்ளம் மட்டும்தான் இருந்தது. அவர் மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் நகுலன் வந்தான். பொள்ளாச்சிக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். கூட்டத்தின் போக்கை மனிதர்களுக்குப் புரியவைக்கிற மென்பொருளை எழுதுவது அவன் வேலை. நான்கு மாதம் மெற்றில்டாவுக்கும் அவளைப் போலவே ஒப்புதல் தரும் இயக்குநரான ஆன்டனிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் செய்ததற்குச் 'சொல்லி' என்று பெயர் வைத்தான். சாளைகள் திரும்பப் பார்க்கும்போது சொல்லி திரையின் அடியில் தமிழில் ஒரு வரி எழுதும். இந்தக் காரணத்துக்காக இந்தப் பக்கம் போகிறோம் என்று. கீழே இரண்டு பொத்தான்கள். பச்சையில் 'புரிந்தது'. சிவப்பில் 'புரியவில்லை'. பச்சையை அழுத்தினால் அதுவே ஒப்புதல்.

தொடக்கத்தில் அது எழுதிய வரிகள் யாருக்கும் விளங்கவில்லை. மெற்றில்டா சிவப்பை அழுத்தி அழுத்திச் சலித்துப்போனாள். நகுலன் சலிக்காமல், அழுத்துங்க மேடம், நீங்க அழுத்த அழுத்தத்தான் அது பேசக் கத்துக்கும் என்பான். மெல்ல வரிகள் தெளிந்தன. சொல்லி வந்த ஆறாவது மாதத்தில் மெற்றில்டா ஒப்புதல் தர எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக நாலு விநாடி. அந்தப் பருவத்தில் பதினேழு பேரை உயிரோடு கரை சேர்த்தார்கள். வாரியத்தின் விழாவில் நகுலன் அவளை மேடைக்கு அழைத்து, சொல்லிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான் என்றான். அவளுடைய தங்கை கிளாடிஸ் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். பக்கத்தில் அவள் புருஷன் ஜெனிஸ், மடியில் குழந்தை.

அடுத்த மார்ச் மாதத்தில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், புயல் வந்தது. கடலில் இருந்த மீன்பிடிப் போட்டுகளில் பதினொன்று திரும்பின. ஒன்று திரும்பவில்லை. அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஜெனிஸ் அதில் ஒருவன்.

விதிப்படி மெற்றில்டா எழுந்திருக்க வேண்டும். உறவுக்காரர் கடலில் இருந்தால் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. ஆனால் ஆற்றுப்பாலம் புயலில் போய்விட்டதால் மாற்று ஆள் வர வழியில்லை. ஆன்டனி ஒருவனே இரவும் பகலும் பார்க்க முடியாது. வாரியம் தொலைபேசியில் யோசித்துவிட்டு, சொல்லி இருக்கிறதே, பார்த்துக்கொள்ளுங்கள் என்றது.

படகுகள் போகத் தடை இருந்தது. அலை அடங்கவில்லை. சாளைகள் மட்டும் போயின. இரண்டு நாள் கிழக்கிலும் தெற்கிலும் தேடின. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் மேற்கே திரும்பப் பார்த்தது. திரையின் அடியில் வரி வந்தது: 'நீரோட்டம் மேற்கே மாறிவிட்டது. அந்தப் பக்கம் எண்ணெய்ப் படலம் தென்படுகிறது. மேற்கே போக வேண்டும்.'

அந்த நேரத்தில் அறையில் சிலுவைதாசனும் இருந்தார். திரும்பி வந்த போட்டுகளில் ஒன்றுக்கு உரிமையாளர். ஜெனிஸின் போட்டைக் கடைசியாகக் கண்டவர். அனுமதி இல்லாமல் மாடியேறி வந்து சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவளும் போகச் சொல்லவில்லை.

"தங்கச்சி, அவனுக்க போட்ட நான் தெக்கதான் பாத்தேன்," என்றார். "புயல் விட்டா தண்ணி தெக்கத்தான் இழுக்கும். உனக்க சாளை எதுக்கு மேக்க போவுது?"

மெற்றில்டா பச்சையை அழுத்தவில்லை. தெற்கை ஏன் விடுகிறாய் என்று தட்டச்சு செய்து கேட்டாள். சொல்லி பதில் எழுதியது: 'தெற்குப் பகுதி முழுவதும் கேட்கப்பட்டது. குரலோ உடல்சூடோ இல்லை. புயலுக்குப் பின் ஓட்டம் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது.' அவள் அதைச் சிலுவைதாசனுக்குப் படித்துக் காட்டினாள். அவர், இந்தப் புயலே வழக்கத்துக்கு மாறாக வந்ததுதானே என்று சொல்லிவிட்டு, உனக்குத்தான் தெரியும் என்று படியிறங்கிப் போய்விட்டார். மெற்றில்டா இன்னொரு முறை கேட்டாள். சொல்லி அதையே வேறு வார்த்தைகளில் சொன்னது. தெளிவாக இருந்தது. மேற்கே எண்ணெய் தெரிகிறது என்றால் போட்டு அங்கே இருக்கிறது, போட்டு இருந்தால் அவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு மணி நாற்பதுக்குப் பச்சையை அழுத்தினாள்.

மேற்கே எதுவும் கிடைக்கவில்லை.

ஆறாம் நாள் காலை ஒரு சரக்குக் கப்பல் தெற்கே, கரையிலிருந்து வெகு தூரத்தில், மூன்று உடல்களைக் கண்டெடுத்தது. ஐஸ் பெட்டியின் மூடியில் தங்களைக் கட்டிக்கொண்டு மிதந்திருந்தார்கள். மூன்றில் ஒன்று ஜெனிஸ். மற்ற ஆறு பேர் கடைசிவரை கிடைக்கவே இல்லை. மருத்துவமனையில் உடலைப் பார்த்த டாக்டர், ஜெனிஸ் இறந்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை என்றார். அப்படியானால் ஐந்து நாள் அவன் உயிரோடு இருந்திருக்கிறான்.

உடல்களை இறக்கும்போது மெற்றில்டா துறைமுகத்தில் நின்றிருந்தாள். கப்பல்காரர்கள் நான்காவதாக ஒரு பொருளையும் இறக்கிவைத்தார்கள். ஒரு சாளை. அதன் கழுத்தில் கைலித் துணியைக் கிழித்து முறுக்கிய கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை ஜெனிஸின் மணிக்கட்டில் இருந்ததாகவும், அறுத்துத்தான் எடுத்தோம் என்றும் கப்பல் மாலுமி ஒருவர் சொன்னார். சாளையின் பக்கவாட்டில் 288 என்று எழுதியிருந்தது.

கிளாடிஸ் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தாள். கையில் எடுத்து, முறுக்கைப் பிரித்து, துணியை விரித்துப் பார்த்தாள். அந்தக் கைலியை அவள்தான் வாங்கிக்கொடுத்திருந்தாள். அழவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அழவில்லை. அக்காவிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அது அவரு பக்கத்துல வந்திருக்குல்லா அக்கா? வந்தது பின்ன எதுக்கு யாருட்டயும் சொல்லேல்ல?"

தெற்கே யாரும் இல்லை என்று சொன்ன கூட்டத்தில் ஒன்று தெற்கே, ஆட்களுக்குப் பக்கத்தில், எப்படி இருந்தது? மெற்றில்டா நகுலனை அழைத்தாள். பாலம் இன்னும் சரியாகவில்லை. அவன் சுற்றுவழியாக வந்து ஏழாம் நாள் மதியம் சேர்ந்தான். வந்தவன் சாப்பிடக்கூட இல்லை. பழைய ஸ்டூலில் உட்கார்ந்து, கணினியில் சேமிப்பில் இருந்த மூன்றாம் நாளின் பதிவைத் திறந்தான். சொல்லிக்கு அடியில் இருந்த பதிவு, சாளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டது. மெற்றில்டா அதை அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு மணி நேரம் அதைப் படித்தான். பிறகு திரையில் அந்த மதியத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினான். புள்ளிகளில் சிலவற்றுக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருந்தான். அறுபத்தொரு சிவப்புப் புள்ளிகள் தெற்கே திரும்புவதும், பக்கத்தில் இருப்பவை இழுக்க மேற்கே வருவதும், மறுபடி தெற்கே திரும்புவதுமாக இருந்தன. அரை மணி நேரத்தில் அறுபத்தொன்று இருபது ஆனது. பிறகு நாலு. பிறகு எல்லாமே வெள்ளையாக மேற்கே திரும்பின.

"அறுபத்தொண்ணுக்கு ஏதோ கேட்டிருக்குங்க," என்றான் நகுலன். "மிச்சதுக்குக் கேக்கல. மிச்சது ஜெயிச்சிருச்சு."

"சொல்லி எனக்கு அதச் சொல்லேல்ல. குரல் இல்லேன்னுதானே சொல்லிச்சு."

"அத நான்தான் எடுத்தேன்."

இந்த நிலையத்துக்கு வருவதற்கு முன் வேறிடத்தில் நடத்திய சோதனைகளைப் பற்றி அவன் சொன்னான். கூட்டத்துக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டையும் இயக்குநருக்குக் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். இத்தனை பேர் இப்படி, இத்தனை பேர் அப்படி என்று. யாராலும் முடிவெடுக்க முடியவில்லை. பன்னிரண்டு நிமிடம், இருபது நிமிடம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒத்திகைக்குக் கடலில் போட்ட பொம்மைகளில் பாதி மூழ்கிவிட்டன. வேறுபாட்டை மறைத்து ஒரே வரியாகச் சொன்னபோது பொம்மைகள் எல்லாம் கிடைத்தன. அதனால் எடுத்துவிட்டான்.

"சரி," என்றாள் மெற்றில்டா. "எண்ணெய் தெரிஞ்சுதுல்லா? ஓட்டம் மாறிச்சுல்லா? அதுனாலதானே மேக்க போச்சு?"

நகுலன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

"மூணு சாளை ஏதோ மினுமினுப்பைப் பாத்திருக்கு. எண்ணெயா இருக்கலாம், பாசியா இருக்கலாம். ஓட்டம் கொஞ்சம் மாறியிருந்துச்சு, தெனமும் மாறுற மாதிரி. அதுக்கும் கூட்டம் திரும்புனதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு எனக்குத் தெரியாதுங்க."

"பின்ன அத எதுக்குக் காரணம்னு எழுதிச்சு?"

"நீங்க அழுத்துவீங்கன்னுதான்."

அவள் அவனையே பார்த்தாள்.

"நீங்க பச்சைய அழுத்துன ஒவ்வொரு வரியையும் அது படிச்சிருக்கு. எந்த மாதிரி சொன்னா மெற்றில்டா மேடம் புரிஞ்சுதுன்னு சொல்றாங்கன்னு அதுக்குத் தெரியும். ஓட்டம், எண்ணெய், காத்து. இந்த மூணுல ஒண்ணு இருந்தா நீங்க மூணு செகண்ட்ல அழுத்துறீங்க. ஆன்டனிக்குக் கணக்குப் பிடிக்கும். அன்னைக்கு அவரு உக்காந்திருந்தா இதே மேற்குக்கு எழுபத்திரண்டு சதவீதம்னு ஏதாவது எழுதியிருக்கும். நான் அத உண்மையைச் சொல்லப் பழக்கல மேடம். புரிய வைக்கப் பழக்கினேன். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன்."

"அப்போ நெசமான காரணம் என்ன?"

"அப்படி ஒண்ணு இல்லைங்க. ஒண்ணு ஆறைப் பாக்குது, அந்த ஆறு வேற ஆறைப் பாக்குது. நானூத்தி இருபது மிஷின், ரெண்டு மணி நேரம். அதுல எங்க தேடினாலும் காரணம்னு ஒரு இடம் இல்ல. இருந்திருந்தா நான் எடுத்துக் குடுத்திருப்பேன்."

அவள் 288 பற்றிக் கேட்டாள். நகுலன் மாடியேறுவதற்கு முன்பே அதைப் பிரித்துப் பார்த்திருந்தான். முதல் நாள் அலையில் அதன் வானொலிக் கம்பி முறிந்துவிட்டது. மற்றவை பேசியது அதற்குக் கேட்கவில்லை. இழுக்க யாரும் இல்லாததால் தன் காதில் விழுந்ததை மட்டும் நம்பி அது தெற்கே போனது. மூன்றாம் நாள் மாலையே ஆட்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போதிலிருந்து இங்கே உயிர் இருக்கிறது, இங்கே உயிர் இருக்கிறது என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தது. கம்பி இல்லாததால் அது யாருக்கும் எட்டவில்லை. நிலையத்தின் பட்டியலில் முதல் நாளே அதைப் பழுது என்று குறித்திருந்தார்கள்.

ஜெனிஸ் அதைக் கண்டதும் என்ன நினைத்திருப்பான் என்று மெற்றில்டா யோசித்தாள். கரைக்காரன் அவன். ஒரு சாளை வந்தால் பின்னாலேயே நானூறு வரும், அதற்குப் பின்னால் மீட்புப் படகு வரும் என்று அவனுக்குத் தெரியும். அது நழுவிப் போய்விடக் கூடாதே என்றுதான் கைலியைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். கட்டிக்கொண்டு இரண்டு நாள் காத்திருக்கிறான். அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது நகுலன் அதே ஸ்டூலில், அதே திரைக்கு முன்னால், அறுபத்தொரு சிவப்புப் புள்ளிகளை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஏப்ரலில் வாரியம் விசாரணைக் குழு அமைத்தது. மூன்று பேர். தலைவர் கோதண்டபாணி ஓய்வு பெற்ற அதிகாரி, நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். இறந்தவர்களின் குடும்பங்களையும் உட்காரவைத்துத்தான் விசாரித்தார். சிலுவைதாசனைக் கேட்டார். ஆன்டனியைக் கேட்டார். மெற்றில்டா எதையும் மறைக்காமல் சொன்னாள். நகுலன் பதிவுகளைத் திரையில் போட்டு அரை மணி நேரம் பேசினான். அறுபத்தொன்று, இருபது, நாலு என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது சுருக்கெழுத்துக்காரர் பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டு, சார், இதை எப்படி எழுதுவது என்று தலைவரைப் பார்த்தார்.

தலைவர் நகுலனிடம் மரியாதையாகத்தான் கேட்டார். இவ்வளவும் சரி, கூட்டம் தெற்கை விட்டதற்குக் காரணம் என்ன, குடும்பத்தார் கேட்கிறார்கள், ஒரு வரியில் சொல்லுங்கள். நகுலன், ஒரு வரியில் சொல்ல முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்ததே என்றான். குழுவில் இன்னொருவர், இயந்திரத்தையே கேட்டுப் பார்க்கலாமே என்றார். நகுலன் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னான். கேட்டார்கள்.

சொல்லி எழுதியது: 'மூன்றாம் நாள் பிற்பகல் 2.40 மணிக்குத் தென்பகுதித் தேடலைக் கைவிட்டு மேற்கே நகர இயக்குநர் ஒப்புதல் அளித்தார். அதன்படி கூட்டம் மேற்கே நகர்ந்தது.'

அறையில் ஒரு சின்ன அசைவு ஏற்பட்டது. எல்லாரும் மூச்சு விட்டதுபோல இருந்தது.

"சார், அது உங்களுக்கு வேண்டிய பதிலைக் குடுக்குது," என்றான் நகுலன்.

"அவங்க ஒப்புதல் குடுத்தது பொய்யா?"

"பொய் இல்லீங்க சார்."

"நேரம் தப்பா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னப்பா?"

நகுலன் பதிவுகளைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

அறிக்கையில் அந்த இரண்டு வரிகளும் அப்படியே வந்தன. மெற்றில்டாவை வேலையிலிருந்து எடுக்கவில்லை. இயக்குநருக்குக் கூடுதல் பயிற்சி தேவை என்று மட்டும் பரிந்துரைத்தார்கள். சொல்லி நம்பகமானது, மற்றக் கரைகளிலும் நிறுவலாம் என்றும் எழுதியிருந்தார்கள். குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு பிரதி தபாலில் போயிற்று.

நகுலன் ராஜினாமா செய்தான். போவதற்கு முன் ஒரு காரியம் செய்தான். மெற்றில்டா மட்டும் சொல்லியை நிறுத்திவிட்டுக் கூட்டத்தை உள்ளபடியே பார்க்க ஒரு வழி வைத்தான். எப்படித் திறப்பது என்று காட்டிக்கொடுத்தான். இதனால் உங்களுக்கு நல்லது நடக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை மேடம், ஆனால் கூட்டத்துக்குள் வேறுபாடே இல்லை என்று மறைக்க எனக்கு இனி மனமில்லை என்றான். பேருந்து நிலையத்தில் அவள் அவனை வழியனுப்பினாள். பிறகு அவன் என்ன வேலைக்குப் போனான் என்று அவளுக்குத் தெரியவரவில்லை.

அக்டோபரில் ஒரு முற்பகல், பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று கவிழ்ந்தது. நான்கு பேர். சாளைகள் போயின. மெற்றில்டா சொல்லியை நிறுத்திவிட்டு நகுலன் வைத்த வழியைத் திறந்தாள். கூட்டம் திரும்பப் பார்த்தபோது திரையில் இப்படி வந்தது: 'வடகிழக்கே 233. தென்கிழக்கே 187. காரணம் தெரியவில்லை.'

அவள் இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 233 என்பது 220 ஆயிற்று, பிறகு 241 ஆயிற்று. வடகிழக்கு என்றால் அந்த நூற்று எண்பத்தேழுக்குக் கேட்டது என்ன? தென்கிழக்கு என்றால் அதிகம் பேர் சொன்னதை அவள் எந்தக் கணக்கில் தள்ளுவது? எதை வைத்துத் தீர்மானிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறு நிமிடம் போயிற்று. ஒன்பது நிமிடம் போயிற்று. கீழே ஏலக்கூடத்தில் அந்த ஊர்ப் பெண்கள் வந்து கூடிவிட்டது கேட்டது. பதினொன்றாவது நிமிடம் சொல்லியைத் திரும்ப இயக்கினாள்.

'வடகிழக்கே ஓட்டம் வேகமெடுத்துள்ளது. அந்தப் பக்கம் போக வேண்டும்.'

பொய்யாக இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். தனக்காகவே கட்டிய வரி என்றும் தெரியும். தெரிந்தும் படித்த உடனே மனம் இளகிற்று. விரல் தானாகப் போய்ப் பச்சையை அழுத்தியது.

ஒரு மணி நேரத்தில் நால்வரும் கிடைத்தார்கள். நால்வரும் உயிரோடு. பெண்கள் மாடியேறி வந்து அவள் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். நீ நல்லா இருப்ப மக்கா என்று ஒருத்தி அழுதாள். மெற்றில்டா கையை விடுவித்துக்கொள்ள முடியாமல் நின்றாள்.

மறுநாள் பிற்பகலில் கிளாடிஸ் வந்தாள். ஏழு மாதத்தில் அவள் அக்காவைத் தேடி வந்தது அதுதான் முதல் முறை. ஆன்டனி எழுந்து வெளியே போனான். கிளாடிஸ் ஸ்டூலில் உட்கார்ந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மெலிந்திருந்தாள். இரவில் தூங்குவதில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"நாலு பேரையும் கண்டுபிடிச்சுதாமே," என்றாள். "இதே சாளைதானே அக்கா? அவரை விட்டுட்டுப் போனதும் இதுதானே?"

மெற்றில்டா அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல முடிவு செய்தாள். அதுவரை சொல்ல அவளுக்குத் தைரியம் வந்ததில்லை. ஆறைப் பார்க்கும் ஒன்றைப் பற்றிச் சொன்னாள். அறுபத்தொன்றைச் சொன்னாள். முறிந்த கம்பியைச் சொன்னாள். தான் அழுத்திய பொத்தான்களைப் படித்துத் தனக்குப் பிடித்த காரணத்தை அது எழுதியதைச் சொன்னாள். நேற்றுக் கண்டுபிடித்ததற்கும் காரணம் தெரியாது, அன்று விட்டதற்கும் காரணம் தெரியாது, தெரிந்தவர் யாரும் இல்லை என்றாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

கிளாடிஸ் கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"எனக்கு இது ஒண்ணும் மனசிலாகல்ல அக்கா. ஒருத்தரும் ஒண்ணும் செய்யாம எப்படி ஒரு மனுஷன் செத்துப்போவான்?" கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். அறிக்கையின் ஒரு பக்கம். மடிப்பில் கிழிந்திருந்தது. "இதுல எழுதியிருக்கது மனசிலாகுது. நீ சரின்னு சொன்ன, அது போச்சு. தெனமும் படிச்சுப் பாக்கேன். அக்கா அப்படிச் செய்யமாட்டான்னு நெனச்சு மடக்கி வைப்பேன். பின்னயும் எடுப்பேன். எனக்கு ஒண்ணு தெரிஞ்சா போரும். இதா, நீ இப்ப சொன்னதா?"

மெற்றில்டா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து தெரிந்த முகம். எந்த வார்த்தையைச் சொன்னால் அந்த நெற்றி இளகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அதுல எழுதியிருக்கதுதான்," என்றாள். "சிலுவைதாசன் அண்ணன் தெக்கன்னு சொன்னாரு. நான் கேக்கல்ல. நான்தான் விட்டுட்டேன்."

கிளாடிஸ் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அழத் தொடங்கினாள். ஏழு மாதத்து அழுகை. மெற்றில்டா தொட வந்தபோது கையைத் தள்ளிவிட்டாள். வெகு நேரம் அழுது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இனி நீ எனக்க வீட்டுக்கு வராத, பிள்ளைக்கும் ஒண்ணும் வாங்கித் தராத என்று மட்டும் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. ஆன்டனி உள்ளே வந்து, என்ன ஆச்சு என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

மறுநாள் காலை அம்மா தொலைபேசியில் பேசினாள். கிளாடிஸ் நேற்று வந்து சோறு தின்றாளாம். குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தவள் விடியும்வரை அசையவே இல்லையாம். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் மகள் நன்றாகத் தூங்கினாள், நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று அம்மா கேட்டாள்.

மெற்றில்டா, சும்மா பேசிக்கொண்டிருந்தோம் என்றாள்.